சாவி யார் கையில்?



நம்மில் பலர் காலை ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். களையெடுப்பு, பூப்பறிப்பு, மில், சித்தாள் வேலை என்று எதுவானாலும் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடுகிறது. பிள்ளைகளோ நாலரைக்கெல்லாம் வந்துவிடுகிறார்கள். இடையில் உள்ள அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளை எங்கே? வீட்டுச் சாவி எங்கே? இந்த மாதப் பாடம் இதுதான்.

ஊருக்கே தெரிந்த சாவி

"எங்க வீட்டுச் சாவி இருக்கற எடம் யாருக்கும் தெரியாதுங்க" என்று சொல்லுவோம். நிலைக்கு மேல், எரவானத்தில், செங்கலுக்கு அடியில், பழைய செருப்புக்குள். எந்தத் தெருவிலும் சாவி இந்த நாலு இடத்தில்தான் இருக்கும்! திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர்போன பூட்டு. அப்படிப்பட்ட பூட்டைப் போட்டாலும், சாவி நிலைக்கு மேல் இருந்தால் பூட்டினதும் ஒன்றுதான், பூட்டாததும் ஒன்றுதான். குழுக் கடன் வாங்கி வந்த பணமும் பிள்ளையின் காதுத் தோடும் உள்ளேதானே இருக்கிறது? இன்னொன்று: செங்கலுக்கு அடியில் பிள்ளை கைவிட்டுத் துழாவும்போது தேள் இருந்தால் என்ன ஆகும்?

சிலர் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டி அனுப்புகிறார்கள். "எங்க வீட்டுல ஆள் இல்லை" என்று அது ஊருக்குச் சொல்லிவிடும். ஓடும்போதும் மரம் ஏறும்போதும் கயிறு மாட்டிக் கழுத்தை இறுக்கவும் கூடும். பையின் உள்பக்கம் ஊக்கு குத்தி அதில் சாவியை மாட்டுங்கள். சாவியில் பெயரோ கதவு எண்ணோ எழுத வேண்டாம்.

சாவி கொடுக்கும் முன்

வயதை மட்டும் பார்க்க வேண்டாம். பிள்ளைக்கு இந்த ஐந்தும் வருகிறதா என்று பாருங்கள்.

1. பூட்டைத் தானே திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடத் தெரிய வேண்டும். பூட்டு இறுக்கமாக இருந்தால் பென்சில் முனையைச் சாவிப் பல்லில் தேய்த்துப் போட்டால் இளகும்.
2. அம்மாவின் செல் நம்பரை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.
3. சாவி தொலைந்தால் யார் வீட்டுக்குப் போவது என்று தெரிய வேண்டும். அடி விழும் என்ற பயத்தில் இருட்டும் வரை வெளியே சுற்றக் கூடாது.
4. தனியாக இருக்கும்போது யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. "அம்மா அனுப்பிச்சாங்க" என்றாலும், சொந்தக்காரர் என்றாலும் அப்படித்தான்.
5. அடுப்பைத் தொடக் கூடாது.

நாமும் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவோம். பூச்சி மருந்து பாட்டிலைக் கை எட்டாத இடத்தில் பூட்டி வைப்போம். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு எந்தப் பாட்டிலும் தண்ணீர் பாட்டில்தான். குடிக்கத் தண்ணீரும், தின்ன அவித்த கடலையோ சுண்டலோ தெரிந்த இடத்தில் இருக்கட்டும்.

காலை நேரத்தையும் பாருங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கி, 2023-ல் மாநிலம் முழுவதும் வந்தது. வகுப்பு தொடங்கும் முன்பே சாப்பாடு போட்டுவிடுகிறார்கள். பிள்ளை அந்த நேரத்துக்குப் போகிறதா, வழியில் நின்றுவிடுகிறதா என்று கேளுங்கள்.

அக்காவின் படிப்பு

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா வேனில் வேலைக்குப் போகிறார். பெரிய பெண் ஏழாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு, கடைக்குட்டி அங்கன்வாடி. அங்கன்வாடி முடியும் நேரத்தில் பள்ளி முடிவதில்லை. குட்டியை யார் கூட்டி வருவது? "நீ இன்னைக்கு ஒரு நாள் நின்னுக்க கண்ணு" என்று பெரியவளிடம் சொல்கிறோம். வாரத்துக்கு இரண்டு நாள் நின்றால் மாதத்துக்கு எட்டு நாள். அந்த எட்டு நாள் கணக்குப் பாடம் அவளுக்குப் புரியாமல் போகிறது. பிறகு "அவளுக்குப் படிப்பு ஏறலை" என்று நாமே சொல்கிறோம். சாவி அவள் கையில் இருக்கலாம், தம்பி தங்கையின் முழுப் பொறுப்பும் அவள் தலையில் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு தெருவிலும் ஒரு சாவி வீடு

ஒரு குழுவில் 12 முதல் 20 பேர் இருக்கிறோம். எல்லோரும் ஒரே நாளில் வேலைக்குப் போவதில்லை. தையல் மெஷின் வைத்திருப்பவர், பெட்டிக்கடை போட்டிருப்பவர், கைக்குழந்தைக்காரர் என்று யாராவது வீட்டில் இருப்பார்கள். தெருவுக்கு ஒரு உறுப்பினர் வீட்டைச் 'சாவி வீடு' என்று முடிவு செய்யலாம். சாவி கொடுக்கும் வயது வராத பிள்ளை நேராக அங்கே போகட்டும். சாவி உள்ள பிள்ளையும் "அத்தை, நான் வந்துட்டேன்" என்று தலையைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகட்டும். நாலே முக்காலுக்குள் வரவில்லையென்றால் அந்த வீட்டிலிருந்து அம்மாவுக்குப் போன் போகும்.

பெண் உறுப்பினர் இருக்கும் நேரத்தில் மட்டுமே அது சாவி வீடு. அவர் வெளியே போனால் அடுத்த வீட்டை முன்பே சொல்லிவிட வேண்டும். இது ஒருவர் தலையில் விழும் சுமையாகிவிடக் கூடாது. மாதம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளை திடீரென்று வீட்டுக்கு வர பயந்தாலோ, ஒருவரைக் கண்டால் ஒதுங்கினாலோ, திட்டாமல் உட்கார வைத்துக் கேளுங்கள். சைல்டு லைன் 1098-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்காகவே 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. இதில் குற்றம் செய்தவனுக்குத்தான் வெட்கம், நம் பிள்ளைக்கு இல்லை.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

• நம் குழுவில் பள்ளி விட்டுப் பூட்டிய வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எத்தனை பேர்?
• தம்பி தங்கைக்காகப் பள்ளிக்குப் போகாமல் நிற்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா?
• நம் தெருவின் சாவி வீடு எது? அடுத்த வீடு எது?

ஊக்குநரும் பிரதிநிதியும் இந்த மூன்றுக்கும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேமிப்பையும் கடனையும் எழுதும் அதே நோட்டில் இதுவும் இருக்கட்டும்.

– கள ஒருங்கிணைப்பாளர்