கோல் காத்த வீராங்கனை பிரியானா ஸ்கரி



காற்பந்தாட்டத்தில் ஒரு குழுவுக்குப் பதினொருவர். அவர்களுள், ஆட்டம் நடக்கும்பொழுது தம் பினால்டி எல்லைக்குள் பந்தைக் கையால் தொட உரிமை பெற்றவர் ஒருவரே. அவரே கோல் காவலர். 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள வாயிலைத் தனியொருவராய்க் காப்பது அவர்தம் கடமை. பந்தை அடிப்பவர் பத்து முறை தவறவிட்டு ஒரு முறை கோல் போட்டாலும் போற்றப்படுவார். காவலரோ பத்து முறை தடுத்து ஒரு முறை தவறவிட்டாலும் பழிக்கப்படுவார். இக்கடினமான பணியில் உலகப் புகழ் பெற்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கு அறிந்து கொள்வோம்.

பிரியானா ஸ்கரி 1971ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் வளர்ந்தது, வெள்ளையர் மிகுதியாக வாழ்ந்த டேட்டன் என்னும் சிற்றூரில். 1980இல் அமெரிக்கப் பனிவளைகோற் குழு ஒலிம்பிக் போட்டியில் சோவியத் குழுவை வென்றதைத் தொலைக்காட்சியில் கண்டார். அப்போது அவருக்கு வயது எட்டு. தாமும் ஒரு நாள் ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

சிறுமியர்க்கெனத் தனிக்குழு இல்லாமையால் அவர் சிறுவர் குழுவில் சேர்ந்து ஆடினார். பெண்பிள்ளைக்குக் கோலே பாதுகாப்பான இடம் என்று கருதிய பயிற்றுநர் அவரை அங்கே நிறுத்தினார். பாதுகாப்புக்காகத் தரப்பட்ட இடத்தையே அவர் தம் திறமைக்குரிய இடமாக ஆக்கிக் கொண்டார்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. அரசாங்க நிதி பெறும் கல்விக்கூடங்கள் பெண் என்பதற்காக எவரையும் ஒதுக்கலாகாது என்னும் சட்டம் அமெரிக்காவில் 1972இல் இயற்றப்பட்டது. அதன் பயனாகப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மகளிர் விளையாட்டு வளர்ந்தது. ஸ்கரி மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1994இல் நாட்டுக் குழுவில் இடம் பெற்றார். மகளிர் காற்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1996ஆம் ஆண்டு, அவர்தம் குழு சீனாவை 2–1 என வென்று தங்கம் பெற்றது.

1999 ஜூலை 10ஆம் நாள் கலிபோர்னியாவின் பசடேனா நகரில் மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடைபெற்றது. திடலில் திரண்டிருந்தோர் 90,185 பேர். மீண்டும் எதிரணி சீனாவே. கூடுதல் நேரத்திற்குப் பின்னும் எவரும் கோல் போடவில்லை. வெற்றியைப் பினால்டி உதைகளே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. பந்து 12 கெஜத் தொலைவிலிருந்து பாய்ந்து வரும். எண்ணிப் பார்க்கவும் நேரமிராது. சீனாவின் மூன்றாவது உதையை லியூ யிங் அடித்தார். ஸ்கரி இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார். அவர் கோட்டைவிட்டு முன்னே நகர்ந்தார் என்று பின்னர்ச் சிலர் குறை கூறியதும் உண்டு. எனினும் நடுவர் தடை சொல்லவில்லை. அமெரிக்கா 5–4 என வாகை சூடியது.

அதன்பின் வழி நேராக அமையவில்லை. 2000 ஒலிம்பிக்கில் முதன்மைக் காவலர் இடம் வேறொருவருக்குச் சென்றது. ஸ்கரி மனந்தளராது பயின்று அவ்விடத்தை மீண்டும் பெற்றார். 2004இல் தந்தையை இழந்த துயரத்தினிடையேயும் ஏதென்சில் இரண்டாவது தங்கம் வென்றார்.

பெற்றோர்களே, இனி வரும் பகுதியை ஊன்றிப் படித்தல் நலம். 2010 ஏப்ரலில் ஓர் ஆட்டத்தின்போது தாழ்ந்து வந்த பந்தைக் குனிந்து பிடித்தார் ஸ்கரி. ஓடிவந்த எதிரணியாளரின் முழங்கால் அவர் தலையில் மோதியது. இரத்தம் சிந்தவில்லை, எலும்பும் முறியவில்லை. ஆயினும் மூளை அதிர்ந்துவிட்டது. இடைவேளையில், நலமா என்று வினவிய உதவியாளரிடம் நலமில்லை என்றே உரைத்தார். அதுவே அவர்தம் இறுதியாட்டமாயிற்று.

தலைவலி ஆண்டுக்கணக்கில் வாட்டியது. நினைவும் கவனமும் தடுமாறின, உள்ளம் சோர்ந்தது, வாழ்வையே முடித்துக் கொள்ளலாமோ என்னும் அளவுக்குத் துயரம் மிகுந்தது. வருவாய் இன்றி, உயிரெனப் போற்றிய இரு தங்கப் பதக்கங்களையும் அடகு வைத்தார். வெளியே காயம் தெரியாமையால் அவர் வேதனையைப் பலர் உணரவில்லை. இறுதியில் பிறர் உதவியை நாடினார். 2013இல் தலையின் பின்புற நரம்பில் செய்யப்பட்ட அறுவைச் சிகிச்சை அவருக்கு மறுவாழ்வு தந்தது. பதக்கங்களும் மீட்கப்பட்டன. தலைக்காயத்தின் கேட்டை மக்களுக்கு எடுத்துரைப்பதைத் தம் பணியாக மேற்கொண்டார். 2017இல் அமெரிக்கத் தேசியக் காற்பந்துப் புகழ்மன்றத்திற்குத் தேர்வு பெற்றார். அப்பெருமையைப் பெற்ற முதற் பெண் கோல் காவலரும் முதற் கறுப்பினப் பெண்மணியும் அவரே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் யாது? வீழ்ந்தவர் எழுவது வீரம். எழ இயலாதபோது கைகொடுக்கும்படி கேட்பதும் வீரமே. தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, மயக்கம், வாந்தி, பார்வை மங்கல், மறதி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்று மீண்டும் ஆடலாகாது. உடனே ஆசிரியரிடம் கூறுக, மருத்துவரிடம் செல்க. எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்தால் போதும் என்று பெற்றோர் இருந்துவிடலாகாது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்.

மற்றொன்றும் கூறுவோம். மாலையில் நம் தோட்டத் திடலில் பந்து உருளும்போது, ஓரத்தில் நின்று தம்பியின் சட்டையைப் பிடித்துக் கொண்டிருக்கும் சிறுமியர் பலர். அவர்களையும் ஆட விடுவோம். பெண்பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு என்று கேட்கும் முன், பயிற்றுநர் ஒருவர் கோலில் நிறுத்திய அந்தச் சிறுமியைச் சற்றே நினைத்துப் பார்ப்போமாக!