பகடை விளையாட்டில் யார் பலசாலி? எக்ஸெல் சொல்லும்!

எக்ஸெல் என்றாலே மாதச் செலவுக் கணக்குதான் என்று புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எண்ணுகின்றனர். விளையாட்டுக்கும் அது கைகொடுக்கும். அமெரிக்காவில் 1974ல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. நடத்துபவர் பெயர் டஞ்சன் மாஸ்டர்.

இதில் ஒருவர் மட்டும் தன் வீரனை மிகப் பெரிய அடி அடிக்கும்படி அமைத்துவிட்டால், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இதற்காக எல்லா எதிரிகளின் உயிர்ப் புள்ளிகளையும் கூட்டினால், மற்றவர்களின் அடி மேலும் பயனற்றதாகிவிடும். எனவே முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 'கிரேட் வெப்பன் மாஸ்டர்' என்று ஒரு திறன் உண்டு. தாக்குதல் எண்ணில் 5 குறைத்துக் கொண்டால், அடி விழும்போது சேதம் 10 கூடும். இது லாபமா?

1. எக்ஸெல் அல்லது இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் திறக்கவும். முதல் வரிசையில் தலைப்புகள் தரவும்: ஏ - எதிரியின் கவச எண், பி - தாக்குதல் எண், சி - சராசரி சேதம், டி - தாக்குதல்கள், இ - வாய்ப்பு, எப் - மொத்தம்.

2. இரண்டாம் வரிசையில் சாதாரண அடி: 15, 7, 11, 2. (பெரிய வாளுக்கு இரண்டு ஆறு பக்கப் பகடைகள், சராசரி 7. உடல் வலிமைக்கு 4.) மூன்றாம் வரிசையில் திறனுடன்: 15, 2, 21, 2.

3. இ2 செல்லில் =(21+பி2-ஏ2)/20 எனவும், எப்2 செல்லில் =சி2*டி2*இ2 எனவும் அமைக்கவும். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யவும். இரண்டு செல்களையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையைப் பிடித்து அடுத்த வரிசைக்கு இழுக்கவும்.

விடை 14.3, 16.8 எனக் கிடைக்கும். திறன்தான் லாபம். இப்போது ஏ2, ஏ3 இரண்டிலும் 18 தரவும். 11, 10.5 என்று முடிவு தலைகீழாகிறது!

4. 'அட்வான்டேஜ்' கிடைத்தால் 20 பக்கப் பகடையை இருமுறை உருட்டி, பெரிய எண்ணை எடுக்கலாம். அதற்கு ஜி2ல் =1-(1-இ2)^2, எச்2ல் =சி2*டி2*ஜி2 தந்து, முன்போலவே கீழே இழுக்கவும். கவச எண் 15 என்றால் 19.3, 26.9 வரும். 18 என்றாலும் 16.5, 18.4 வரும். ஆக, ஆட்டத்தைச் சாய்ப்பது திறன் மட்டுமல்ல. அதனுடன் சேரும் அட்வான்டேஜ்தான். (பகடையில் 20 விழுந்தால் கிடைக்கும் இரட்டைப் பகடைச் சேதம் இதில் சேரவில்லை.)

டஞ்சன் மாஸ்டருக்கு இதில் வழி கிடைக்கிறது. கனத்த கவச எதிரிகளையும் கலந்து விடலாம். ஒவ்வொரு சுற்றிலும் அட்வான்டேஜ் எளிதாகக் கிடைக்காதபடி களத்தை அமைக்கலாம். 7 உயிர்ப் புள்ளி உள்ள சிறு எதிரிகள் பலரை இறக்கினால், 21 சேதத்தில் 14 வீணாகும். மற்றவர்களுக்கும் வேலை இருக்கும்.

2024ல் திருத்திய விதிகளில் இந்த 5-க்கு 10 பேரம் நீக்கப்பட்டு, வீரனின் தேர்ச்சி எண் மட்டும் சேதத்தில் சேர்கிறது. அதன்படி சி, பி எண்களை மாற்றி நீங்களே விடை கண்டு பாருங்கள்.