முகத்தில் ஆசிட்: போடுவதற்கு முன் ஒரு பாடம்



சென்ற மாதம் நம் கிளையின் ஞாயிறு வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். படிவம் நான்கு படிக்கும் தம்பி ஒருவன் என்னைத் தனியாக அழைத்துக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். ஒரு சின்னக் குப்பி. முகப்பில் ‘கிளைகோலிக் ஆசிட் 30 விழுக்காடு’ என்று இருந்தது.

“அண்ணே, இத போட்டா பருவெல்லாம் போயிடுமா? கொஞ்சம் கலரும் வரும்னு சொல்றாங்க.”

“காசு கட்டிட்டியா?”

“இன்னும் இல்லண்ணே. உங்ககிட்ட கேட்டுட்டுதான் வாங்கலாம்னு.”

அவன் கெட்டிக்காரன். நான் அவன் வயதைக் கடந்த பிறகும் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகிறேன்.

எனக்கு அப்போது 19 வயது. அக்கா கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். கன்னம் முழுக்கப் பரு வந்துபோன கருந்தழும்புகள். “போட்டோவெல்லாம் எடுப்பாங்கடா, முகத்த கொஞ்சம் பாத்துக்கோ” என்று அம்மா சொன்ன ஒரு வார்த்தை மனசில் ஒட்டிக்கொண்டது. இணையத்தில் ஒரு குப்பி வாங்கினேன். தயாரித்தவர் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. பத்து நிமிடத்தில் கழுவு என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்து இருபது நிமிடம் வைத்திருந்தேன். மறுநாள் கூடாரம் போட வந்தவர்களுக்கு உதவியாக உச்சி வெயிலில் நின்றேன். மூன்றாம் நாள் தோல் உரிந்தது. கல்யாணத்தன்று இரண்டு கன்னத்திலும் கரித்துண்டால் தேய்த்த மாதிரி திட்டுகள். குடும்பப் படத்தில் நான் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். அந்தத் திட்டுகள் மறைய எட்டு மாதம் ஆனது.

பிறகு மருந்தியல் படித்தேன். இப்போது ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். அன்று எனக்குத் தெரியாமல் போனவற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

1. இந்த ஆசிட் என்ன செய்கிறது?

நம் தோலின் மேற்பரப்பில் இருப்பவை இறந்த அணுக்கள். அடியில் பிறக்கும் அணு மேலே ஏறி உதிர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். உதிர வேண்டியவை சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் முகம் மங்கலாகத் தெரியும், துளைகள் அடைபடும். அமிலம் அந்த ஒட்டுப்பிடியைத் தளர்த்துகிறது. முரட்டு ஸ்கிரப்பால் தேய்த்து எடுப்பதை, தேய்க்காமல் செய்கிறது.

இது ஒன்றும் நேற்று வந்த மோகம் அல்ல. 1974-இல் வேன் ஸ்காட், யூ என்ற இரு ஆய்வாளர்கள், மீன் செதில்போல் தோல் தடித்துப்போகும் நோய்க்கு இவ்வகை அமிலங்கள் பயன்படுவதை எழுதினார்கள். நோய்க்கு மருந்தாகத் தொடங்கியதுதான் பின்னர் அழகுப்பொருள் கடைக்கு வந்தது.

கடையில் நீங்கள் பார்க்கும் முக்கியமான பெயர்கள் இவை:

கிளைகோலிக்: கரும்பில் உள்ளது. இந்தக் கூட்டத்தில் மிகச் சிறிய மூலக்கூறு இதுதான். அதனால் வேகமாக உள்ளே போகும், எரிச்சலும் அதிகம்.

லாக்டிக்: தயிர் புளிக்கும்போது உண்டாவது. கிளைகோலிக்கைவிடச் சற்று மென்மையானது.

மாண்டலிக்: கசப்பு வாதுமையிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது. மூலக்கூறு பெரியது, மெதுவாக உள்ளே போகும். கறுப்பு, மாநிறத் தோலுக்கு நிதானமான தொடக்கம்.

இந்த மூன்றும் ஏ.எச்.ஏ. வகை.

சாலிசிலிக்: இது பி.எச்.ஏ. எண்ணெயில் கரையும். ஆகவே எண்ணெய் அடைத்த துளைக்குள் இறங்கும். பருவுக்கும் கரும்புள்ளிக்கும் இதுவே பொருத்தம்.

2. விழுக்காடு மட்டும் போதாது

குப்பியில் உள்ள எண்ணை எல்லாரும் பார்க்கிறோம். பி.எச். அளவை யாரும் பார்ப்பதில்லை. வேதியியல் வகுப்பை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்: எண் குறையக் குறைய அமிலம் கூடும். ஓர் எண் குறைந்தால் பத்து மடங்கு. நம் தோலின் அளவு 5-ஐ ஒட்டியது. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

வீட்டில் பயன்படுத்தும் கிளைகோலிக், லாக்டிக் பொருள்கள் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, பி.எச். 3.5-க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அமெரிக்காவில் அழகுப்பொருள் மூலங்களை ஆராயும் நிபுணர் குழு வகுத்த வரம்பு. பருவுக்கான சாலிசிலிக் அங்கே 0.5 முதல் 2 விழுக்காடு வரை. 20, 30 விழுக்காடு ‘பீல்’ எல்லாம் பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியவை. 2024-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பொதுமக்களுக்கு எச்சரிக்கையாகவே வெளியிட்டது.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் கணக்கு: லாக்டிக் அல்லது மாண்டலிக் 5 விழுக்காடு. பருதான் பிரச்சினை என்றால் சாலிசிலிக் கலந்த, கழுவிவிடும் ஃபேஸ் வாஷ். அவ்வளவு போதும்.

3. “நான் இயற்கையாத்தான் செய்றேன்”

மருந்தகத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. எலுமிச்சைச் சாறும் அமிலம்தான், அதுவும் அளவு போடாத அமிலம். எலுமிச்சை, லீமாவ் கஸ்தூரி போன்றவற்றின் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமோ, வாரக்கணக்கில் போகாத கறுப்போ வரலாம். பாட்டி சொன்ன தயிரும் பயத்தம் மாவும் அப்படியல்ல. தயிர் மிகவும் மென்மையானது. அழுத்தித் தேய்க்காமல் பூசிக் கழுவினால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. பாட்டி வைத்தியத்தில் எலுமிச்சையும் இருக்கிறது, தயிரும் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

4. எப்படிப் போடுவது?

அ) முதலில் சோதனை. முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தால், அரித்தால் முகத்துக்கு வேண்டாம்.

ஆ) இரவில் மட்டும். மென்மையான ஃபேஸ் வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி, முகம் நன்றாகக் காயட்டும். ஈரத் தோலில் அமிலம் வேகமாக இறங்கும்.

இ) முழு முகத்துக்கும் இரண்டு மூன்று துளி. கண்ணைச் சுற்றியும், மூக்கின் மடிப்பிலும், உதட்டிலும் படக்கூடாது.

ஈ) லேசான குறுகுறுப்பு ஓரிரு நிமிடம் இருக்கலாம். எரிச்சல் என்றால் உடனே கழுவுங்கள். எரிவது வேலை செய்வதற்கு அடையாளம் இல்லை. நான் அதைக் காசு கொடுத்துக் கற்றேன்.

உ) பிறகு மாய்ஸ்சரைசர். வாசனை கலக்காதது நல்லது.

ஊ) முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு ஒரு முறை. தோல் ஏற்றுக்கொண்டால் இரண்டு முறை. அதற்கு மேல் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை.

எ) மறுநாள் காலையில் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகம் கழுத்து இரண்டுக்கும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும். ஏ.எச்.ஏ. போட்ட தோல் வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படும். நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரை அப்படித்தான். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சன்ஸ்கிரீன் போட முடியாது என்றால், ஆசிட்டும் போட வேண்டாம்.

5. எப்போது கூடவே கூடாது?

ரெட்டினால், அடாப்பலின், பென்சாயில் பெராக்சைடு, ஸ்கிரப் இவற்றோடு ஒரே இரவில் சேர்க்காதீர்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்குச் சாலிசிலிக் ஆகாது. எக்ஸிமா கிளம்பியிருக்கும்போதும், வெயிலில் கன்றிய தோலிலும், புண்ணிலும் வேண்டாம். சவரம் செய்தாலோ, புருவம் திருத்தினாலோ இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுங்கள். கர்ப்பிணி அக்காமார்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களும் பால்குடம் சுமப்பவர்களும் கவனியுங்கள். மணிக்கணக்கில் வெயிலில் நடக்கப் போகிறீர்கள். குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். முடி இறக்கிய தலை வெயிலுக்குப் பழகாத தோல். அங்கும், அலகு குத்திய இடத்திலும் எந்த ஆசிட்டும் படக்கூடாது. சந்தனம் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அது சன்ஸ்கிரீன் ஆகாது. நெற்றியில் குங்குமம் வைக்கும் இடம் மட்டும் அரித்துக் கறுத்தால், குங்குமத்தில் உள்ள சாயம் ஒவ்வவில்லை என்று இருக்கலாம். அதை ஆசிட் போட்டு உரிக்கப் பார்க்காதீர்கள். முதலில் குங்குமத்தை மாற்றிப் பாருங்கள்.

6. தவறிவிட்டால்?

தோல் வெள்ளையாக மாறினாலோ, கடுமையாக எரிந்தாலோ ஓடும் குழாய் நீரில் 20 நிமிடம் கழுவுங்கள். ஐஸ், பற்பசை, சோடா மாவு எதுவும் வேண்டாம். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். பெட்ரோலியம் ஜெல்லி தடவி, வெயிலைத் தவிர்த்து, ஆசிட்டை நிறுத்துங்கள். கொப்புளம், வீக்கம் வந்தால் கிளினிக்குக்குப் போங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள். நான் இரண்டு நாள் மறைத்தேன். அந்த இரண்டு நாளில்தான் வெயிலிலும் நின்றேன்.

7. குப்பியைப் படிப்பது எப்படி?

மலேசியாவில் சட்டப்படி விற்கும் அழகுப்பொருளுக்கு அறிவிப்பு எண் உண்டு. என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்கள் வந்து, கே என்ற எழுத்தில் முடியும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் கலந்த கிரீம்களின் பெயர்களைச் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிடுகிறது. ‘ஏழு நாளில் வெள்ளை’ என்று விளம்பரம் செய்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

8. அந்தக் ‘கலர்’ கேள்வி

தம்பி கேட்டதில் இரண்டாவது பாதிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஆசிட் போட்டால் கலர் வராது. பரு விட்டுப்போன தழும்பின் கறுப்பை மெல்ல மங்கவைக்கும், தோலைச் சீராக்கும். நாம் பிறந்த நிறத்தை மாற்றாது. அந்த நிறத்தைத் தருவது மெலனின். வெயிலிலிருந்து நம்மைக் காப்பதும் அதுதான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: நம் மாதிரித் தோலில் காயம், எரிச்சல் எது வந்தாலும் ஆறிய இடம் கறுத்துப்போகும். வெள்ளையாக வேண்டும் என்று அளவுக்கு மீறிப் போடுபவருக்குக் கடைசியில் கிடைப்பது கறுப்புத் திட்டுதான். எனக்கு நடந்தது அதுவே.

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால்கூட “என்ன கலரு?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி வளர்ந்துதான் 15 வயதில் ஒரு பையன் கையில் குப்பியாக வந்து நிற்கிறது. என் அம்மா சொன்னதில் எந்தத் தப்பான எண்ணமும் இல்லை. ஆனாலும் நான் அதை வேறு மாதிரிதான் கேட்டேன். வீட்டில் தம்பி தங்கைகள் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்தத் தம்பி குப்பியை வாங்கவில்லை. அவன் பரு கொஞ்சம் கடுமையானது. அதனால் அம்மாவோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். போய் வந்தான். கொடுத்த கிரீமை இரவில் போடுகிறான். “மெதுவாத்தான்ணே போகுது” என்றான். நான்கு வாரக் கணக்கை அவனுக்கு மறுபடியும் சொன்னேன்.

அடுத்த வகுப்புக்கு முன் செய்ய வேண்டியவை:

• வீட்டில் உள்ள முகப் பொருள்களை எடுத்து, எதில் என்ன அமிலம், எத்தனை விழுக்காடு என்று எழுதி வாருங்கள்.

• ஒவ்வொன்றின் அறிவிப்பு எண்ணையும் சரிபாருங்கள். எண் இல்லாததைத் தனியாக வையுங்கள்.

• உங்கள் நிறத்தைப் பற்றி யாராவது சொன்னது மனசில் நிற்கிறதா? சொல்ல விருப்பம் இருந்தால் வகுப்பில் சொல்லுங்கள். விருப்பம் இல்லையென்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். நாற்காலி அடுக்கும்வரை நான் அங்கேதான் இருப்பேன்.