பண அட்டை, கைரேகை மோசடி: விவசாயிகள் தற்காத்துக்கொள்வது எப்படி?

மஞ்சள் விற்றாலும், கொப்பரை விற்றாலும், சங்கத்திற்குப் பால் ஊற்றினாலும் இன்று பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் வரவாகிறது. மடியில் பணத்தை முடிந்துகொண்டு பஸ் ஏறிய காலத்தில் திருடன் பக்கத்தில் வந்தாக வேண்டும். இப்போது அவன் ஊர்ப்பக்கமே வர வேண்டியதில்லை. விவசாயியின் கணக்கைத் திறக்கும் சாவி கிடைத்தால் போதும்.

எது சாவி என்பதில்தான் பலருக்கும் குழப்பம். ஆதார் எண்ணையும் கணக்கு எண்ணையும் மறைத்து வைப்பது நடைமுறையில் கடினம். கூட்டுறவுச் சங்கம், உரக்கடை, மானிய விண்ணப்பம், பயிர்க் காப்பீடு என்று அவற்றின் நகல்கள் ஏற்கெனவே பல இடங்களில் கிடக்கின்றன. அவை வெறும் பூட்டு. அட்டையின் ரகசிய எண், செல்போனுக்கு வரும் ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.), கைவிரல் ரேகை ஆகிய மூன்றும்தான் சாவிகள்.

நகல் கொடுப்பதால் வரும் தொல்லை

பூட்டுதானே என்று நகலைக் கேட்டவருக்கெல்லாம் கொடுப்பதும் தவறு. 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த பி.எம். கிசான் முறைகேடு இதற்குச் சான்று. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக விவசாயிகளுக்கு வழங்கும் இத்திட்டத்தில், அந்த ஆண்டு சேர்ந்தோர் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. விசாரித்தபோது, தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டிருந்ததும், சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்ததும் தெரியவந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மட்டுமின்றிச் சேலம் மாவட்டமும் இதில் அடிபட்டது. அலுவலர்களின் கடவுச்சொற்கள் தனியார் கம்ப்யூட்டர் மையங்களுக்கும் தரகர்களுக்கும் போய்ச் சேர்ந்ததே முக்கியக் காரணம். அந்த ஆண்டு செப்டம்பரில் 80 பேர் பணிநீக்கமும் 34 பேர் தற்காலிகப் பணிநீக்கமும் செய்யப்பட்டனர், வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் சென்றது. முதல் குற்றம் கடவுச்சொல்லைக் கைமாற்றியவர்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் கொரோனா உதவித்தொகை என்று நம்பித் தரகரிடம் ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுத்த சாதாரண ஜனங்களின் கணக்கிலிருந்தும் பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது.

ஆகவே நகல் கொடுக்கும்போது அதன்மேல் குறுக்காக, எந்தக் காரியத்திற்கு, எந்த அலுவலகத்திற்கு, என்ன தேதியில் என்று பேனாவால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முழு எண் தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைத் தரலாம். இதனை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியும்.

விரல் ரேகை

மைக்ரோ ஏ.டி.எம். வைத்திருக்கும் வங்கி முகவரிடம் பணம் எடுக்க வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை ஆகியவையே போதும். ரகசிய எண்ணும் இல்லை, ஓ.டி.பி.யும் இல்லை. முதியவர்களுக்கு இது பெரும் வசதி. ஆனால் ரகசிய எண் வெளியே தெரிந்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. 2018-ல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒருவர், இணையத்தில் கிடைத்த கிரயப் பத்திரங்களிலிருந்து கைரேகைகளைப் படியெடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற முறையில் போலி ரேகை தயாரித்து, ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்ததைப் போலீஸார் கண்டுபிடித்தனர். பிற்பாடு இதே தந்திரம் வங்கிக் கணக்குகள் மீதும் திரும்பியது.

மண்ணிலும் சுண்ணாம்பிலும் வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். 'பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள் ஐயா' என்று முகவர் சொல்வது பல சமயம் உண்மையே. அதையே சாக்காக வைத்து இரண்டு முறை பணம் எடுத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை விரல் வைத்த பிறகும், 'தோல்வி' என்று அச்சிட்ட சீட்டைக் கேட்டு வாங்கிய பின்பே மறுமுறை வைக்க வேண்டும்.

இந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள், ஆதார் வழிப் பணம் எடுப்பதை நிறுத்தி வைக்குமாறு வங்கிக் கிளையில் எழுதிக் கொடுக்கலாம். ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ ரேகையையே பூட்டி வைக்கவும் வழியுண்டு. இதற்குச் செல்போன் எண் ஆதாருடன் இணைந்திருப்பது அவசியம். ரேகையைப் பூட்டியிருந்தால் ஆதார் வழியாகக் கைரேகையைச் சரிபார்க்கும் எந்த இடத்திலும் அது ஏற்காது. அப்போது சிறிது நேரத்திற்குத் திறந்துகொண்டால் போதும்.

கிசான் கார்டுக்குக் கூடுதல் கவனம்

சேமிப்புக் கணக்கின் அட்டை களவு போனால் இருக்கிற பணம் போகும். 1998 முதல் வழங்கப்பட்டுவரும் கிசான் கிரெடிட் கார்டு அப்படியல்ல. அதில் இருப்பது கடன் வரம்பு. திருடன் எடுத்த தொகை விவசாயியின் பேரில் கடனாக ஏறுகிறது, வட்டியும் ஓடுகிறது. மேலுரம் வைக்க வேண்டிய நேரத்தில் வரம்பு தீர்ந்திருக்கும். தவணை தவறினால், ஒழுங்காகக் கட்டுபவர்களுக்குரிய வட்டிச் சலுகையும் கைவிட்டுப் போகும்.

நம் பகுதிகளில் ஏ.டி.எம். வாசலில் நடக்கும் அட்டை மாற்றல்தான் எளிதில் தவிர்க்கக்கூடிய நஷ்டம். உதவி செய்வதாக ஒருவர் வருவார். அட்டையை வாங்கிச் செருகி, எண்ணைப் போடச் சொல்வார். 'மெஷினில் பணமில்லை' என்று அதே நிறத்தில் வேறோர் அட்டையைத் திருப்பித் தருவார். பெயரைப் படித்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தால், மறுநாள்தான் விஷயம் விளங்கும். உதவி தேவையானால் வங்கி திறந்திருக்கும் நேரத்தில் கிளைக்கே செல்வது மேல். அட்டை உறையின் மேல் ரகசிய எண்ணை எழுதி வைக்கும் பழக்கத்தையும் இன்றே விட்டுவிட வேண்டும்.

ரிசர்வ் வங்கி 2020-ல் செய்த ஏற்பாட்டின்படி, அட்டையை நாமே அணைக்கவும் திறக்கவும், அளவு குறிக்கவும் முடியும். இணையத்தில் பொருள் வாங்காதவர்கள் அந்தப் பகுதியை அணைத்து வைக்கும்படி கிளையில் சொல்லலாம். ஏ.டி.எம். அளவையும் தேவைக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ளலாம்.

பணம் வாங்க எண் எதற்கு?

காங்கேயம் காளை விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தால், பார்க்காமலேயே விலை பேசி, 'முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து எண்ணைப் போடுங்கள்' என்று ஒருவர் அழைப்பார். மாட்டின் பல்லைப் பார்க்காமல், சுழி பார்க்காமல் யார் மாடு வாங்குவார்கள்? அங்கேயே சந்தேகம் வர வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. எண்ணைப் போட்டால் பணம் வெளியேதான் போகும்.

பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்புகளும் இவ்வகையே. அதை நிறுவியதும் போனுக்கு வரும் ஓ.டி.பி. செய்திகள் அப்படியே திருடனிடம் போய்விடும். தவணை வராவிட்டால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கேட்டறியலாம்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைப்பதே பெரும் சேதம். முதலில் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விரைந்து சொன்னால் வழியில் எங்காவது நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு. அடுத்து வங்கிக்குச் சொல்லி அட்டையை முடக்க வேண்டும்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, வங்கியின் குறையால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இருவர் மீதும் தவறில்லாமல் வெளியாரால் போன பணத்தை, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் முழுவதும் திரும்பப் பெறலாம். நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் என்றால், எளிய அடிப்படைக் கணக்கினர் 5,000 ரூபாய் வரையிலும், மற்ற சேமிப்புக் கணக்கினர் 10,000 ரூபாய் வரையிலும் நஷ்டத்தை ஏற்க வேண்டும். எண்ணைத் தாமே சொல்லிவிட்டவர்கள், புகார் செய்யும் வரை போன தொகையை இழப்பார்கள். அதற்குப் பின் போவது வங்கியைச் சாரும். அதனால்தான் ஏமாந்தவர்களும் உடனே சொல்வது இலாபம். அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இதுபோன்ற விதி வந்தது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பு நிலவரத்தைக் கிளையில் கேட்டுக்கொள்க.

போனில் சொன்னதோடு நில்லாமல், கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் தேதியும் நேரமும் முத்திரையும் பெற வேண்டும். 1930-ல் தரும் புகார் எண்ணையும் அதிலேயே குறித்து, பாஸ்புக்குடன் வைத்துக்கொள்ளவும்.