மலையும் கடலூரும் கற்பித்த பாடம்

ஒரு கோடைச் சனிக்கிழமை வைகறையில், மாணவரும் பெற்றோருமாக வட வேல்ஸ் நோக்கிப் புறப்பட்டோம். 1896ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பற்சக்கரப் புகையிரதப் பாதையில், 1085 மீற்றர் உயர்ந்த மலைமீது ஏறினோம்.

ஆங்கிலத்தில் அம்மலை ஸ்னோடன். பனிக்குன்று என்பது பொருள். வேல்ஸ் மொழியில் ‘அர் வித்வா’, அதாவது கல்லறைமேடு. ஓர் அரக்கன் அங்கே புதையுண்டான் என்பது பழங்கதை. 2022இல் தேசியப் பூங்கா நிருவாகம் வேல்ஸ் மொழிப் பெயரையே முதன்மையாக வழங்கத் தீர்மானித்தது.

பிற்பகலில் மெனாய் நீரிணையைக் கடந்து, அதன் கரையிலுள்ள லான்வயர் என்னும் சிற்றூரை அடைந்தோம். உரோம எழுத்தில் 58 எழுத்துகள் கொண்ட அதன் முழுப்பெயர், ‘மரியாளின் ஆலயம்’ எனத் தொடங்கி, வெண்மரப் பள்ளத்தையும் நீர்ச்சுழியையும் சொல்லிச் செல்கிறது. பயணிகளைக் கவர 19ஆம் நூற்றாண்டில் நீட்டப்பட்ட பெயர் அது. புகையிரத நிலையப் பலகையில் அதனை வாசிக்க முயன்று நம் சிறுவர் நகைத்தனர். அருகில் நின்ற உள்ளூர்ச் சிறுமியோ ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

“எங்கே கற்றாய்?” என வினவினோம்.

“வீட்டிலே” என்றாள்.

திரும்பும் வழியில் பெற்றோராகிய நாம் அவ்விடையையே எண்ணியிருந்தோம். அன்று முழுவதும் நம் பிள்ளைகளுடன் நாம் பேசியது ஆங்கிலமே!

பயிற்சி: உங்கள் பெற்றோர் பிறந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதுக. அதன் பொருளை வீட்டிலே கேட்டறிந்து வருக.