சின்ன டிராக்டர் வாங்கலாமா?

வயலை உழுகிற பெரிய டிராக்டரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதன் பலம் பெரும்பாலும் 35 முதல் 50 குதிரைத்திறன் வரை இருக்கும். இதை எச்.பி. என்றும் சொல்வார்கள். இப்போது 20 எச்.பி.க்கும் குறைந்த சின்ன டிராக்டர்கள் வந்திருக்கின்றன. மூன்றடி, மூன்றரை அடி அகலம்தான். உயரமும் குறைவு. குஜராத்தில் ராஜ்கோட் பக்கம் இவற்றைச் செய்யும் ஆலைகள் உண்டு.

சின்னது எதற்கு? நம் நாட்டில் நிலமே சின்னதுதான். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி 100 விவசாயிகளில் 86 பேருக்கு ஐந்து ஏக்கருக்கும் குறைவாகவே நிலம் இருந்தது. அதிலும் பழத்தோட்டம் என்றால் பெரிய டிராக்டர் உள்ளேயே நுழையாது.

மகாராஷ்டிரத்தில் நாசிக் என்று ஒரு மாவட்டம். திராட்சைக்குப் பேர் போனது. அங்கே திராட்சைக் கொடிகளை வரிசை வரிசையாக நட்டு, கம்பி கட்டி ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு வரிசைக்கு நடுவே சின்ன டிராக்டர் போகும். புல் வெட்டும். மருந்து அடிக்கும். எருப் பெட்டியை இழுக்கும். அறுத்த பழத்தைக் கொண்டு வரும்.

புல் என்றதும் அதைச் சுத்தமாகக் கொத்தி எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம். தோட்டத்தில் அது தேவை இல்லை. கொடியின் தூரைச் சுற்றி மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். நடுப்பாதையில் இரண்டு, மூன்று விரற்கடை உயரம் விட்டு மேலே வெட்டலாம். வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழையில் மண் கரையாது. வெட்டிய புல்லைக் கொடியின் அடியில் போட்டால் ஈரம் காயாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மருந்து அடித்த தோட்டத்துப் புல்லை மாட்டுக்குப் போடாதீர்கள். மருந்து புல்லிலும் படிந்திருக்கும்.

இனி ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். நாசிக் பக்கம் ஒரு கிராமம். அண்ணன், அண்ணி, தம்பி. நாலு ஏக்கர் திராட்சைத் தோட்டம். அந்த ஊரில் அண்ணியை 'வஹினி' என்று அழைப்பார்கள். வஹினி தன் கணவரின் தம்பியை 'பாவோஜி' என்று அழைப்பார். வஹினி எழுத்தறிவு வகுப்பில் இரண்டு வருடம் படித்தவர்.

ஒரு நாள் மாலை தம்பி டவுனிலிருந்து வந்தார். கையில் டிராக்டர் படம் போட்ட காகிதம்.

"வஹினி, ஒரு லட்சம் முன்பணம் கட்டினால் போதும். நாளைக்கே வண்டி வாசலுக்கு வந்துவிடும்."

"மீதி?"

"மீதி தவணைதான். புல் வெட்டும் கருவி, மருந்து அடிக்கும் கருவி, இழுவைப் பெட்டி எல்லாம் சேர்த்து ஆறு லட்சம். ஐந்து லட்சம் கடன். ஐந்து வருடத்தில் கட்டலாம்."

"வட்டி எவ்வளவு பாவோஜி?"

"நூற்றுக்கு 12 என்றார்கள்."

அண்ணன் சொன்னார்: "வாங்கிவிடலாம். புல் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி அதிகம்."

வஹினி நோட்டை எடுத்தார். "புல் வெட்ட வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?"

ஆறு தடவை வெட்ட வேண்டும். ஒரு தடவைக்கு 4 மணி நேரம். ஆக 24 மணி.

"வண்டி எத்தனை வருடம் உழைக்கும்?"

"பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு ஒரு லட்சத்துக்கு விற்கும்."

வஹினி எழுதினார். ஆறு லட்சத்தில் ஒரு லட்சம் திரும்பி வருகிறது. ஐந்து லட்சம் தேய்கிறது. வருடத்துக்கு 50,000 ரூபாய். வட்டி ஐந்து வருடத்தில் 3,00,000. அதைப் பத்து வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 30,000. காப்பீடு, ஆயில், பழுது, டயர் எல்லாம் 16,000. மொத்தம் 96,000 ரூபாய்.

"வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்தாலும் வருடத்துக்கு 96,000 செலவு. புல்லுக்காக மட்டும் 24 மணி ஓட்டினால் ஒரு மணிக்கு 4,000 ரூபாய் ஆகிறது. டீசல் தனி. வாடகை வண்டிக்கு டீசலும் ஆளும் சேர்த்து மணிக்கு 700தானே கொடுக்கிறோம்?"

யாரும் பேசவில்லை.

இந்த ரூபாய்க் கணக்கெல்லாம் பாடத்துக்காகப் போட்டது. உங்கள் ஊரில் விலையும் வாடகையும் வேறாக இருக்கும். ஆனால் கணக்குப் போடும் வழி இதுதான். புல்லுக்காக மட்டும் டிராக்டர் வாங்கினால் கட்டாது.

சரி, அதற்கு வேறு வேலையே இல்லையா? இருக்கிறது. மருந்து அடிக்க 90 மணி. எரு ஏற்ற, பழம் இறக்க 30 மணி. மண்ணைக் கிளற 16 மணி. புல்லோடு சேர்த்தால் 160 மணி. 96,000ஐ 160ஆல் வகுத்தால் 600 ரூபாய். டீசல் 140 ரூபாய். ஆக ஒரு மணிக்கு 740. வாடகையோ 700. இன்னும் கொஞ்சம் அதிகம்தான்.

அப்போது தம்பி ஒரு நல்ல விஷயம் சொன்னார். "வஹினி, போன ஐப்பசியை நினைத்துப் பாருங்கள். கவாத்து முடிந்து துளிர் வந்த நேரம். இரவெல்லாம் மழை. விடிந்ததும் மருந்து அடிக்க வேண்டும். வாடகை வண்டிக்காரர் மூன்றாம் நாள்தான் வந்தார். அதற்குள் இலையில் நோய் விழுந்துவிட்டது."

அது உண்மை. புல் வெட்டுவதை நாலு நாள் தள்ளிப் போடலாம். மழைக்குப் பிறகு திராட்சைக்கு மருந்து அடிப்பதைத் தள்ளிப் போட முடியாது. அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் வண்டி வேண்டும். சொந்த வண்டியின் பலன் அந்த ஒரு நாளில் தெரியும். இதை ரூபாயில் எழுதுவது கடினம். ஆனாலும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

வஹினி காகிதத்தை மறுபடி படித்தார். கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது. வட்டி முழுக் கடனுக்கும், ஐந்து வருடத்துக்கும் என்று போட்டிருந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஐந்து லட்சம் வாங்குகிறோம். ஒரு வருடம் கழித்து ஒரு லட்சத்தைத் திருப்பிக் கட்டுகிறோம். இனி நம் கையில் இருப்பது நாலு லட்சம் கடன்தான். வட்டியும் நாலு லட்சத்துக்குத்தானே போட வேண்டும்? அப்படிப் போட்டால் முதல் வருடம் 60,000, பிறகு 48,000, 36,000, 24,000, 12,000. கூட்டினால் 1,80,000. இது குறையும் வட்டி. தம்பி கொண்டுவந்த காகிதத்தில் ஒவ்வொரு வருடமும் 60,000. மொத்தம் 3,00,000. இரண்டுக்கும் பேர் 12 சதவீதம்தான். வித்தியாசம் 1,20,000 ரூபாய்!

எனவே, "வட்டி எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "முழுக் கடனுக்கா, மீதிக் கடனுக்கா? கடைசியில் நான் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்று கேளுங்கள். அதை எழுதித் தரச் சொல்லுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அறுவடை முடிந்த பின் தவணை வருவதுபோல் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். தவணை நின்றால் வண்டியைக் கொண்டுபோய்விடுவார்கள். கட்டிய பணம் திரும்பி வராது.

அடுத்த வாரம் வஹினியும் பாவோஜியும் வங்கிக்குப் போனார்கள். அங்கே குறையும் வட்டி. வருடச் செலவு 96,000இலிருந்து 84,000 ஆனது. மணிக்கு 525. டீசலோடு 665.

பக்கத்துத் தோட்டம் இரண்டு ஏக்கர். அவர்களுக்கும் 80 மணி வேலை உண்டு. இரண்டு வீடும் சேர்ந்து வாங்கினால் 240 மணி. 84,000ஐ 240ஆல் வகுத்தால் 350. டீசலோடு 490 ரூபாய். மழை நாளில் சண்டை வருமே? நாலு ஏக்கருக்கு மருந்து அடிக்க 3 மணி. இரண்டு ஏக்கருக்கு ஒன்றரை மணி. ஒரே நாளில் இரண்டும் முடியும். யார் முதலில் என்பதை மாறி மாறி வைத்துக்கொள்ளலாம். இதையும் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பழுதானால் யார் எவ்வளவு தருவது என்பதையும் எழுதினார்கள். உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்வதுதான் நல்லது.

அரசு மானியமும் உண்டு. விவசாய இயந்திரங்களுக்கான மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2014-15இல் தொடங்கியது. சிறு விவசாயிகள், பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி மக்களுக்கு அதில் கூடுதல் சலுகை வைத்தார்கள். வாடகை இயந்திர மையங்கள் தொடங்கவும் பணம் கொடுத்தார்கள். மானியத்தின் அளவும் விதிகளும் மாறும். வேளாண்மை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். பிறகு பணம் கட்டுங்கள். வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

வண்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது? வண்ணத்தைப் பார்க்காதீர்கள். ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். வண்டியின் அகலத்தை அளங்கள். கருவியின் அகலத்தையும் அளங்கள். உங்கள் தோட்டப் பாதையை அளந்து பாருங்கள். விளம்பரத்தில் போடுவது என்ஜினின் குதிரைத்திறன். பின்னால் கருவியைச் சுற்றும் தண்டுக்கு அதைவிடக் குறைவாகத்தான் பலம் போய்ச் சேரும். அந்தத் தண்டை பி.டி.ஓ. என்பார்கள். "பி.டி.ஓ. பலம் எத்தனை?" என்று கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் டிராக்டர்களைச் சோதிக்கும் அரசு நிலையம் இருக்கிறது. அதன் சோதனை அறிக்கையில் இந்த எண் இருக்கும்.

இப்போது அந்தத் தண்டைப் பற்றிப் பேச வேண்டும். இந்தப் பாடத்தில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பி.டி.ஓ. தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். ஒரு நொடிக்கு 9 சுற்று. சேலை முந்தானை, வேட்டி நுனி, துண்டு, அவிழ்ந்த பின்னல், எது பட்டாலும் சுற்றி இழுத்துவிடும். கையை எடுக்க நேரம் இருக்காது. அதனால்தான் தண்டுக்கு மேலே ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். கிரீஸ் போடுவதற்காக அதைக் கழற்றுவார்கள். திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். புல் கருவியில் சிக்கிக்கொண்டால் முதலில் என்ஜினை நிறுத்துங்கள். சாவியை எடுத்துப் பையில் போடுங்கள். கத்தி சுற்றுவது முழுவதும் நிற்கட்டும். அப்புறம் குனியுங்கள்.

புல் வெட்டும் கத்தி கல்லையும் கம்பித் துண்டையும் தூக்கி எறியும். வெட்டும் முன் பாதையில் நடந்து பொறுக்கிவிடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்து ஓட்டுவதை ஊருக்கு ஊர் பார்க்கிறோம். ஆசையாகத்தான் ஏற்றுகிறார்கள். ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் பிள்ளை பின் சக்கரத்துக்கு அடியில் விழும். ஒரு இருக்கை, ஒரு ஆள்.

குறுகலான வண்டி பக்கவாட்டில் சீக்கிரம் சாயும். 400 லிட்டர் மருந்துத் தண்ணீர் என்றால் 400 கிலோ பாரம். வரப்பு ஓரத்தில், சரிவில் மெதுவாகப் போங்கள். சரிவில் குறுக்கே ஓட்டாதீர்கள். அடிமரத்தை இழுக்கும்போது சங்கிலியை உயரத்தில் கட்டாதீர்கள். முன் சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். கீழே இருக்கும் கொக்கியில்தான் கட்ட வேண்டும்.

டிராக்டருக்கு வலது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக், இடது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக். தோட்டத்தில் திரும்புவதற்கு அது உதவும். சாலைக்கு வந்ததும் இரண்டு மிதியையும் கொண்டி போட்டு இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மிதித்தால் வண்டி சுழன்றுவிடும். சாலையில் ஓட்ட உரிமமும் காப்பீடும் வேண்டும். விவசாய வண்டியில் செங்கல், மணல் வாடகைக்கு ஏற்றினால், விபத்து நடந்தபின் காப்பீட்டுப் பணம் கிடைக்காமல் போகலாம்.

பராமரிப்பு கடினம் இல்லை. காலையில் ஆயில், தண்ணீர், காற்று மூன்றையும் பாருங்கள். தூசியில் ஓடுகிற வண்டிக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யுங்கள். வண்டியில் மணி காட்டும் மீட்டர் இருக்கும். எத்தனை மணிக்கு ஆயில் மாற்றுவது என்று கூடவே வரும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். வஹினி தினமும் அந்த எண்ணை நோட்டில் எழுதுகிறார். தேதி, யார் ஓட்டியது, என்ன வேலை, எத்தனை மணி. மாதக் கடைசியில் இரண்டு வீட்டாரும் அதைப் பார்த்துத்தான் டீசல் பணத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்:

1. உங்கள் நிலத்தில் டிராக்டருக்கு வருடத்தில் எத்தனை மணி நேரம் வேலை இருக்கும்? வேலை வாரியாக எழுதிக் கூட்டுங்கள்.

2. உங்கள் ஊரில் ஒரு மணி வாடகை எவ்வளவு? முதல் விடையால் அதைப் பெருக்குங்கள்.

3. வஹினியின் பக்கத்துத் தோட்டக்காரர் கூட்டிலிருந்து விலகினால் ஒரு மணிச் செலவு எவ்வளவு ஆகும்?