குறைந்த விலைத் திறன்பேசி: வாங்கத் தகுமா?

நுழையும்முன்

திறன்பேசி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. திக்‌ஷா செயலியில் பாடம் படிக்கவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும், தொலைவில் பணிபுரியும் பெற்றோரின் முகத்தைக் காணவும் அது வேண்டியிருக்கிறது. ஆயினும் பல குடும்பங்களில் அதன் விலை பல மாதச் சேமிப்புக்குச் சமம். அப்பணத்தை எண்ணிச் செலவிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

1. முதலில் தேவை, பிறகு விலை

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை எல்லைப் பகுதியில் பணிபுரிகிறார். தாய் இரு பிள்ளைகளுடன் வேறு நகரில் வாழ்கிறார். மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. தாய் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து 9,000 ரூபாய் சேர்த்துள்ளார். மாதம் 900 ரூபாய் மேலும் சேர்க்க அவரால் இயலும்.

கடைக்குச் செல்லும் முன் அவர்கள் தம் தேவைகளைத் தாளில் எழுதுகின்றனர்: பாடக் காணொலி, தந்தையுடன் காணொலி அழைப்பு, பள்ளிக் கட்டணம் செலுத்துதல். விளையாட்டுச் செயலிகளும் உயர்தரப் படப்பிடிப்பும் பட்டியலில் இல்லை. ஊரில் இருக்கும் பாட்டிக்குப் பேசுவதும் சிறு தொகை அனுப்புவதும் போதும். அவருக்குத் திறன்பேசியே வேண்டியதில்லை. சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலும் பணம் அனுப்ப உதவும் யுபிஐ 123பே என்னும் வசதியை இந்திய ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சு மாதம் தொடங்கிவைத்தது.

2. விலைச்சீட்டும் உண்மைச் செலவும்

கடையில் இரண்டு திறன்பேசிகள் உள்ளன எனக் கொள்வோம். முதலாவதன் விலை 7,500 ரூபாய். அதற்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இன்னும் 2 ஆண்டுகளே கிடைக்கும். இரண்டாவதன் விலை 10,800 ரூபாய். அதற்கு இன்னும் 4 ஆண்டுகள் கிடைக்கும். விலையை ஆண்டுகளால் வகுத்தால், முதலாவதற்கு ஆண்டுக்கு 3,750 ரூபாயும் இரண்டாவதற்கு 2,700 ரூபாயும் செலவாகும். விலைச்சீட்டில் மலிவாகத் தோன்றியது, பயன்பாட்டுக் கணக்கில் மலிவாக இல்லை.

இற்றைப்படுத்தல் நின்ற பின்னும் கருவி இயங்கும். ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அதில் சரிசெய்யப்படமாட்டா. இயங்குதளம் மிகப் பழையதானால் வங்கிச் செயலிகளும் அதில் இயங்க மறுக்கலாம். பணம் செலுத்தும் கருவிக்கு இது சிறிய குறை அன்று. இவ்விடத்தில் ஒரு நுட்பத்தையும் அறிய வேண்டும். இக்காலக்கெடு பெரும்பாலும் அத்திறன்பேசி வகை சந்தைக்கு வந்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. ஆகவே, ஈராண்டுகளுக்கு முன் வெளிவந்த கருவி பண்டிகைத் தள்ளுபடியில் கிடைத்தால், எஞ்சிய காலம் எவ்வளவு எனக் கேட்டறிதல் வேண்டும்.

3. பெட்டியில் அச்சிட்ட எண்கள்

பெட்டியின் மேல் ‘8 ஜிபி ரேம்’ எனப் பெரிதாக அச்சிட்டிருக்கலாம். அருகில் உள்ள சிறிய எழுத்துகளையும் படியுங்கள். உண்மையான ரேம் 4 ஜிபியாக இருக்க, சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்தி 8 எனக் கூட்டிக் காட்டும் வழக்கம் உண்டு. சேமிப்பகம் ரேமைவிட வேகம் குறைந்தது. எனவே இரண்டும் ஒன்றாகா.

சேமிப்பகத்தின் அளவும் அவ்வாறே. 64 ஜிபி என்றால் அவ்வளவும் நமக்கு உரியதன்று. இயங்குதளமும் முன்பே நிறுவப்பட்ட செயலிகளும் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும்.

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்டது. ஜியோ தனித்தியங்கும் 5ஜி முறையைக் கைக்கொண்டது. ஏர்டெல் 4ஜி கட்டமைப்பைத் துணையாகக் கொண்ட முறையில் தொடங்கியது. இவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும் மலிவான 5ஜி திறன்பேசிகளும் விற்கப்பட்டுள்ளன. நம்மிடம் உள்ள சிம் அட்டைக்குப் பொருந்துமா எனக் கேட்காமல் 5ஜி என்னும் சொல்லுக்காகக் கூடுதல் பணம் தருதல் வீண்.

இடமாற்றம் பெறும் குடும்பங்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திரை உடைந்தால் பழுது நீக்கும் நிறுவனத்தின் சேவை மையம் இவ்வூரில் மட்டுமன்றி, அடுத்துச் செல்லும் ஊரிலும் இருக்குமா என்பதே அது.

4. தவணையும் ரசீதும்

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்தைக் கண்டால் மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள். 10,800 ரூபாய்த் திறன்பேசிக்கு முன்பணமும் கட்டணங்களுமாக 2,400 ரூபாய், பிறகு மாதம் 800 ரூபாய் வீதம் 12 தவணைகள் எனில், மொத்தம் 12,000 ரூபாய் ஆகும். கூடுதல் செலவு 1,200 ரூபாய்.

2020 ஏப்ரல் 1 முதல் கைப்பேசிக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. “ரசீது வேண்டாமென்றால் விலையைக் குறைத்துத் தருகிறேன்” என்பாரும் உளர். ரசீது இல்லையேல் உத்தரவாதம் கோருவதும் முறையிடுவதும் அரிதாகும். *#06# என அழுத்தினால் திரையில் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண், பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா எனக் கடையிலேயே பாருங்கள். குறை நேர்ந்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

5. முடிவு

அக்குடும்பத்திற்கு 1,800 ரூபாய் குறைகிறது. இரண்டு மாதம் பொறுத்தால் தவணையின்றி இரண்டாவது திறன்பேசியை வாங்கலாம். அதுவரை அக்கம்பக்கத்தாரின் உதவி கிடைக்குமாயின் பொறுத்தலே நன்று. மாறாக, மகளின் பாடம் இன்றே தடைப்படுகிறது, வேறு வழியும் இல்லை என்றால் முதலாவதை வாங்குவதே அறிவுடைமை. காத்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பிள்ளையின் படிப்பு செலுத்தக்கூடாது. குறைந்த விலை என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் வேண்டா, கொள்ளவும் வேண்டா. நம் தேவைக்குப் போதுமா, எத்தனை ஆண்டு உழைக்கும் என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.

சொற்பொருள்

இற்றைப்படுத்தல் – இன்றைய நிலைக்கு ஏற்பப் புதுப்பித்தல்
இயங்குதளம் – கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
எஞ்சிய – மீதமுள்ள
உளர் – இருக்கின்றனர்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. பாட்டிக்குத் திறன்பேசி தேவையில்லை எனப் பாடம் கூறுவது ஏன்?
2. ரசீது பெறாமல் வாங்குவதால் நேரும் இழப்புகள் யாவை?
3. விலை 9,600 ரூபாய், இற்றைப்படுத்தல் 3 ஆண்டு எனில் ஆண்டுச் செலவு எவ்வளவு? பாடத்தில் உள்ள இரண்டு திறன்பேசிகளோடு ஒப்பிடுக.
4. அத்தாயின் இடத்தில் நீங்கள் இருந்தால் எம்முடிவை எடுப்பீர்கள்? காரணம் தருக.

ஆ. பிரித்து எழுதுக.
சேமிப்பகம், நினைவகம், விலைச்சீட்டு

இ. செயல்பாடு
உங்கள் வீட்டில் உள்ள கைப்பேசிப் பெட்டியில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ உள்ள விவரங்களைப் படித்து, அவற்றுள் ஐந்தினைப் பாட்டிக்குப் புரியும் எளிய தமிழில் எழுதுக.